ஆஃப்டர்மார்க்கெட் என்றால் போலியா?

பைக் உதிரிபாகங்களைப் பற்றித் தமிழில் பேசுகிறவர்கள் ‘ஜெனியூன்’ என்பதை அசல் என்கிறார்கள், ‘ஆஃப்டர்மார்க்கெட்’ என்பதைப் போலி என்கிறார்கள். முதலாவது சரி. இரண்டாவது தப்பு. வாங்குகிறவனின் பணத்தோடும் உயிரோடும் விளையாடுகிற தப்பு.

ஜெனியூன் லத்தீன் வழி வந்தது. பிறப்பிலேயே அமைந்தது என்று பொருள். அசல் அரபுச் சொல், வேர், மூலம். அசலும் வட்டியும் என்கிறோமே, அதேதான். (அசலூர் என்பதில் இருக்கும் அசல் வேறு, அது அயல்.) ஆஃப்டர்மார்க்கெட் என்பது வண்டி விற்றுப்போன பிறகு அதன் பாகங்களுக்கு உண்டாகும் சந்தை. நடைமுறையில், வண்டி நிறுவனம் அல்லாத இன்னொருவர் தன் சொந்தப் பெயரில் செய்து விற்கும் பாகத்தைக் குறிக்கிறது.

சொந்தப் பெயரில் என்பதுதான் முக்கியம். போலி என்பது அடுத்தவன் பெயரை ஒட்டி விற்பது. 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டப்படி அது குற்றம். மதுரையில் டயர் செய்கிற நிறுவனம் வண்டி ஆலைக்கும் கொடுக்கிறது, கடைக்கும் கொடுக்கிறது. கடையில் வாங்கிய டயர் போலியா? ஸ்பார்க் பிளக், செயின், பேரிங் எல்லாம் இப்படித்தான். பல வண்டி நிறுவனங்கள் இவற்றை வெளியில்தான் வாங்குகின்றன.

இதற்குச் சிலர் நன்னூலைத் துணைக்கு அழைக்கிறார்கள். பந்தல், பந்தர் ஆகிறது, பொருள் மாறுவதில்லை, அதற்கும் பெயர் போலிதானே, ஒன்றின் இடத்தில் இன்னொன்று நிற்பதுதானே என்கிறார்கள். ‘போல்’ என்பதிலிருந்து வந்த சொல், மறுக்கவில்லை. ஆனால் போலி மருத்துவர், போலிப் பத்திரம் என்று கேட்டுப் பழகிய காதில் இலக்கணப் போலி விழாது, ஏமாற்றுதான் விழும். இன்றைக்கு என்ன விளங்குகிறது என்பதை வைத்துத்தான் கலைச்சொல் எடுக்க வேண்டும்.

பாம்பன், மண்டபம் பக்கம் இது வெறும் சொற்சண்டை இல்லை. உப்புக்காற்று ஒருபக்கம், பின்னால் கட்டிய மீன் பெட்டியிலிருந்து வடியும் தண்ணீர் மறுபக்கம். செயினும் ஸ்போக்கும் சீக்கிரம் துருப்பிடிக்கும், அடிக்கடி மாற்ற வேண்டும். கம்பெனிப் பெட்டியில் வராதது எல்லாமே போலி என்று ஒருவருக்குச் சொல்லிக் கொடுத்தால், கையில் காசில்லாத நாளில் அவர் என்ன செய்வார்? ‘எப்படியும் போலிதானே’ என்று இருப்பதிலேயே மலிவான, பெயரே இல்லாத பிரேக் ஷூவை வாங்குவார். பெயர் பெற்ற வேறு நிறுவனத்தின் நல்ல ஷூ பக்கத்திலேயே இருக்கும்.

மெக்கானிக்குகளுக்கு இந்தக் குழப்பம் இல்லை. கம்பெனி ஸ்பேர், வேற கம்பெனி, டூப்ளிகேட் என்று மூன்றையும் பிரித்தே கேட்கிறார்கள். மொழிபெயர்க்கிறவர்கள்தான் மூன்றை இரண்டாக்கிவிட்டார்கள். அல்லது ‘பின்சந்தை’ என்று ஆங்கிலச் சொல்லை உடைத்து ஒட்டி வைக்கிறார்கள். பின்வாசல், கள்ளச்சந்தை இரண்டையும் நினைவூட்டும் இந்தச் சொல்லைக் கேட்டால் தொண்டியில் கடை வைத்திருப்பவருக்கு என்ன விளங்கும்? ஒட்டும் முன்பு ஒரு பட்டறையில் போய்க் கேட்டிருக்கலாம்.

நான் எழுதுவது இப்படி: அசல் பாகம், பிறநிறுவனப் பாகம், போலிப் பாகம். நடுவில் உள்ளது நீளம்தான், ஆனால் கேட்டவுடன் விளங்கும். வண்டி ஆலைக்குக் கொடுக்கிற நிறுவனமே அதே பாகத்தைத் தன் பெட்டியில் போட்டு விற்றால் அதுவும் பிறநிறுவனப் பாகம்தான்.