முப்பது கையெழுத்தும் மூடிக் கிடக்கும் மிஷினும்

பத்தாங் பெர்ஜுந்தை என்றால்தான் எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்குத் தெரியும். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள இந்த ஊரின் இன்றைய பெயர் பெஸ்தாரி ஜெயா. சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். இங்குள்ள சிறிய இயக்கங்களுக்குக் கணக்காய்வு செய்து கொடுப்பது என் தொழில். அரசு மானியம் வாங்கியவர்களின் கோப்புகள் வருடந்தோறும் என் மேசைக்கு வரும்.

அப்படி வந்த ஒன்று, தோட்டத்துப் பெண்களுக்கான தையல் வகுப்பு. கோப்பில் குறையே இல்லை. முப்பது பேரின் கையெழுத்து, சாப்பாட்டு ரசீது, பேனருக்குக் கீழே நின்று எடுத்த படங்கள், மிஷின் பெற்றுக்கொண்ட ஒப்புதல். கணக்கு ஒரு காசு பிசகவில்லை. நானும் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு வருடம் கழித்து வேறு வேலையாக அந்தத் தோட்டத்துக்குப் போனேன். படத்தில் பார்த்த அக்கா ஒருவர் வீட்டுக்குள் கூப்பிட்டார். சாமி மேடைக்குப் பக்கத்தில், பழைய சேலை போர்த்தியபடி அந்த மிஷின். துணியின் ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மிஷின். நாலு நூல் மாட்டவேண்டிய இடத்தில் ஒரு நூலும் இல்லை.

"வகுப்புல சாதா மிஷின்லதான் சொல்லிக் கொடுத்தாங்கண்ணே. இதுக்கு நூல் மாட்டவே தெரியல. கேக்கவும் ஆள் இல்ல" என்றார். வாரம் ஒருமுறை துடைத்து வைக்கிறாராம்.

எனக்கு மனசு கேட்கவில்லை. நான் கையெழுத்துப் போட்ட அறிக்கையில் அவர் 'பயன்பெற்றவர்' முப்பது பேரில் ஒருவர்.

இதில் யாரும் திருடவில்லை, அதைத்தான் கவனிக்க வேண்டும். அரசு நிதி என்றாலே நம் பேச்சு ஊழலோடு நின்றுவிடுகிறது. மலேசிய இந்தியர்களின் முன்னேற்றத்துக்காக 2014-இல் செடிக் என்று தொடங்கி 2018-இல் மித்ரா ஆன அரசுப் பிரிவுக்கு ஆண்டுக்கு 10 கோடி வெள்ளி ஒதுக்குகிறார்கள். நான் சொன்ன வகுப்பு அந்தப் பணத்தில் நடந்ததல்ல. ஆனாலும் மித்ரா பற்றி நம்மவர்கள் கேட்பதெல்லாம் 'யாருக்குக் கொடுத்தார்கள்' என்பதுதான். வாங்கியவர் வாழ்க்கையில் என்ன மாறியது என்று கேட்பவர் குறைவு.

சட்டம் இந்தக் கேள்வியை மறக்கவில்லை. 1957 கணக்காய்வுச் சட்டத்தின்படி, பணம் முறையாகச் செலவானதா என்பதோடு, திட்டம் திறம்பட நடந்ததா என்றும் தலைமைக் கணக்காய்வாளர் பார்க்கலாம். 2024 திருத்தத்துக்குப் பிறகு, அரசுப் பணம் எந்த நிறுவனத்துக்குப் போனதோ அதுவரை தொடர்ந்து போகவும் வழி இருக்கிறது. அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வருகிறது, பொதுக் கணக்குக் குழு அதிகாரிகளை அழைத்து விசாரிக்கிறது. சரி, அவர்கள் எல்லாத் தையல் வகுப்பையும் வந்து பார்க்க முடியாது. அந்த வேலை ஊர்க்காரர்களுடையது.

சிலாங்கூரில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. 2011-ஆம் ஆண்டுத் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ், மாநிலத் துறைகளிடமும் கோல சிலாங்கூர் நகராண்மைக் கழகம் போன்ற ஊராட்சி மன்றங்களிடமும் எழுத்து மூலம் தகவல் கேட்கலாம். கூட்டரசு நிதிக்கு அது செல்லாது. அதற்கு உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரைப் பிடியுங்கள். அவையில் அவர் கேட்டால் அமைச்சு பதில் சொல்லியாக வேண்டும், பதிலும் பதிவாகும்.

கேட்கும்போது 'எத்தனை பேர் வந்தார்கள்' என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தப் பதில் அவர்களிடம் எப்போதும் தயாராக இருக்கும். ஒரு வருடத்துக்குப் பிறகு எத்தனை பேர் அதை வைத்துச் சம்பாதிக்கிறார்கள், அதைப் போய்ப் பார்த்தது யார் என்று கேளுங்கள்.

'பின்தொடர்ந்து பார்க்க நிதி இல்லை' என்பார்கள். உண்மையாகவே இருக்கும். ஒதுக்கும்போதே அதற்கும் சேர்த்து ஒதுக்கியிருக்க வேண்டும்.

அந்த இயக்கம் இப்போது அடுத்த மானியத்துக்கு விண்ணப்பிக்கிறது. செலவுப் பட்டியலில் 'ஆறு மாதம் கழித்து வீடு தேடிப் பார்ப்பது' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன், சேர்த்துவிட்டார்கள். ஓவர்லாக் தெரிந்த ஒரு தையற்காரரை வரும் ஞாயிறு அந்த அக்கா வீட்டுக்கு அழைத்துப் போகிறோம்.