ப்ரொநோன்: பெயருக்குப் பதிலா, சுட்டா?

கொடைக்கானல் செண்பகனூரில் இரண்டு அறையை வாடகைக்கு விடும் அக்கா ஒருவர் என்னிடம் பிரெஞ்சு படிக்கிறார். தங்க வருகிறவர்களில் பிரெஞ்சுக்காரர்களும் உண்டு, எத்தனை நாளைக்குப் போனை நீட்டி நீட்டிப் பேசுவது என்பது அவர் கணக்கு. மூன்றாவது வாரமே கேட்டுவிட்டார்: "மிஸ், ப்ரொநோன்னா தமிழ்ல என்ன?"

"மாற்றுப்பெயர்" என்றேன்.

"போலீஸ்ல 'குமார் என்கிற கட்டக் குமார்'னு எழுதுவாங்களே, அதுவா?"

சிரித்து மழுப்பினேன். ஆனால் கேள்வி சரியான கேள்வி. இங்கிலீஷில் ப்ரோநவுன் என்கிறோமே, நான், நீ, அவன், அது போன்ற சொற்கள், அதைத்தான் பிரெஞ்சில் ப்ரொநோன் என்பார்கள்.

லத்தீன் 'ப்ரோநோமென்'தான் பிரெஞ்சில் ப்ரொநோன் ஆனது. 'ப்ரோ' என்றால் பதிலாக, 'நோமென்' என்றால் பெயர். லத்தீன்காரர்களும் இதைச் சொந்தமாக யோசிக்கவில்லை; கிரேக்க 'அந்தோனுமியா'வைத் துண்டு துண்டாகப் பெயர்த்துக்கொண்டார்கள். நம் 'பிரதிப்பெயர்', 'பதிலிடுபெயர்', 'மாற்றுப்பெயர்' மூன்றும் அதே வார்ப்பு. வடமொழி வேறு வழியில் போய் 'சர்வநாமம்' என்றது, எல்லாவற்றுக்கும் ஆகும் பெயர். தெலுங்கு, கன்னடம், மலையாளம் மூன்றும் இன்றைக்கும் அந்தச் சொல்லைத்தான் பள்ளியில் சொல்லித் தருகின்றன.

பழந்தமிழ் இலக்கணத்தில் இதற்கு ஒரே சொல் கிடைக்காது. கிடைக்காததைக் குறையாக நான் நினைக்கவில்லை, ஏனென்றால் அவர்கள் இவற்றை ஒரே மூட்டையாகக் கட்டவே இல்லை. நன்னூல் யான், நான், யாம், நாம் என்பவற்றைத் தன்மை என்றும், நீ, நீர், நீயிர், நீவிர், எல்லீர் என்பவற்றை முன்னிலை என்றும் பிரித்துவிட்டு, மிச்சம் எல்லாம் படர்க்கை என்று முடித்துவிடுகிறது. அந்தக் கணக்கில் 'மலை'யும் படர்க்கை, 'அது'வும் படர்க்கை. யோசித்தால் நியாயம்தான். 'நான்' யாருடைய பெயருக்குப் பதில்? அக்கா தன் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் 'நான்' என்று மாற்றிச் சொல்வதில்லை. பேசுகிறவர் என்பதால்தான் அவர் 'நான்'. அவன், அவள், அது போன்றவற்றுக்கு இலக்கணம் வைத்த பெயர் சுட்டுப்பெயர்.

பிரெஞ்சுக்குப் பொருத்தமானதும் இதுதான் என்பது என் கட்சி. 'இல்' (அவன்), 'எல்' (அவள்), 'லெ', 'லா', 'லே' (அவனை, அவளை, அவர்களை), 'லுயி' (அவனுக்கு, அவளுக்கு) எல்லாம் லத்தீன் 'இல்லெ' என்ற ஒரே வேரிலிருந்து வந்தவை. 'இல்லெ' என்றால் 'அந்த'. நம் 'அவன்' அகரச் சுட்டில் பிறந்தது போல அவர்களுடைய 'இல்'லும் சுட்டில்தான் பிறந்திருக்கிறது. கொடைக்கானலில் இதற்குச் சாட்சி தேடி அலைய வேண்டாம். நாம் சலேத் மாதா கோவில் என்று சொல்லும் கோவிலின் முழுப்பெயர் லா சலெத். பிரான்சின் ஆல்ப்ஸ் மலைக் கிராமம் ஒன்றின் பெயர், 1846இல் மாதா காட்சி கொடுத்ததாகச் சொல்லப்படும் ஊர். பெயருக்கு முன்னால் நிற்கும் 'லா', வினைக்கு முன்னால் நின்றால் 'அவளை', 'அதை'. சொல்லும் ஒன்று, வேரும் ஒன்று. ஊர்க்காரர்கள் அந்த 'லா'வை உதிர்த்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று: பிரெஞ்சில் அஃறிணை கிடையாது. ஏரி ஆண்பால், மலை பெண்பால். ஆகவே 'இல்' என்பதை 'அவன்' என்று மட்டும் மனப்பாடம் செய்தவர் நட்சத்திர ஏரியைப் பற்றிப் படிக்கும்போது விழிப்பார்.

'பதிலாக' என்ற விளக்கம் கெடுதல் செய்வது இரண்டாம் படியில், ஏ2 என்று சொல்கிறார்களே, அங்கே. ஏரியைப் பார்க்கிறேன் என்பது 'ஜெ வுவா லெ லாக்'. பெயருக்குப் பதில் என்றால் 'லெ லாக்' இருந்த இடத்தில் 'லெ' உட்கார வேண்டும் அல்லவா? அக்கா அப்படித்தான் 'ஜெ வுவா லெ' என்று எழுதினார். தவறு. 'ஜெ லெ வுவா' என்று வினைக்கு முன்னால் வர வேண்டும்: நான்–அதை–பார்க்கிறேன். தமிழ் வரிசை அப்படியே! 'ஜெ வூ லெ தொன்' என்பது நான்–உங்களுக்கு–அதை–தருகிறேன். இங்கிலீஷ் வழியாகப் போகாமல் தமிழில் நினைத்தாலே பாதி வேலை முடிந்தது. 'லுயி' வந்தால் வரிசை திரும்பும்: 'ஜெ லெ லுயி தொன்', நான்–அதை–அவருக்கு–தருகிறேன். தமிழுக்கு அதுவும் சரிதான்.

தமிழை நம்பி ஏமாறும் இடமும் உண்டு, வேற்றுமை. அவருக்கு உதவுகிறேன் என்கிறோம், அதனால் 'லுயி' போடத் தோன்றும். பிரெஞ்சில் அது 'அவரை உதவுகிறேன்': 'ஜெ லெத்' ('லெ'யும் வினை 'எத்'தும் ஒட்டியது). பஸ்ஸுக்குக் காத்திருப்பதும் அங்கே பஸ்ஸைக் காத்திருப்பதுதான். 'கு' உருபைக் கண்டதும் 'லுயி' என்று பாயக் கூடாது, வினை வினையாகப் படிக்க வேண்டும். குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

'இ', 'ஆன்' என்ற இரண்டு பொடிச் சொற்கள் பலரை அழ வைக்கும். இவையும் சுட்டே. 'ஆன்' லத்தீன் 'இந்தெ'யிலிருந்து வந்தது, அங்கிருந்து என்று பொருள். 'ஜி வே' ('ஜெ'யும் 'இ'யும் ஒட்டி 'ஜி') என்றால் அங்கே போகிறேன். பூம்பாறைப் பூண்டுக் கடையில் 'ஜான் ப்ரான் தெ கிலோ' ('ஜெ'யும் 'ஆன்'உம் ஒட்டி 'ஜான்') என்றால் அதில் இரண்டு கிலோ எடுத்துக்கொள்கிறேன். 'அதில்' இல்லாமல் தமிழில் வாக்கியம் நிற்கும், பிரெஞ்சில் நிற்காது.

தன்மையில் நாம்தான் பணக்காரர்கள். நாம், நாங்கள் இரண்டுக்கும் அவர்களிடம் 'நூ' ஒன்றுதான். பேச்சில் அதையும் விட்டு 'ஓன்' என்கிறார்கள், 'மனிதன்' என்ற லத்தீன் சொல் தேய்ந்து வந்தது. நீ, நீங்கள் வேறுபாட்டுக்கு 'த்யு', 'வூ' இருப்பதால் அக்காவுக்கு அங்கே சிக்கலே வரவில்லை.

ஒரு வாக்கியத்தைப் பெயரோடு இணைக்க வரும் 'கி', 'கெ', 'தோன்' ஆகியவற்றுக்குத் தமிழில் இணைச்சொல் தேட வேண்டாம். 'நான் பார்க்கும் ஏரி' என்று பெயரெச்சம் அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

தொல்காப்பியக் கிளவியாக்கத்தில் ஒரு விதி இருக்கிறது: இயற்பெயரும் சுட்டுப்பெயரும் சேர்ந்து வந்தால் சுட்டு முன்னால் வரக் கூடாது, செய்யுளில் வரலாம். பேச்சுப் பிரெஞ்சு இதை நாள் முழுக்க மீறும்: "அது அழகா இருக்கு, ஏரி." நாம் மட்டும் என்ன, "அது எங்க இருக்கு, அந்தக் கடை?" என்று மூஞ்சிக்கல்லில் நின்று கேட்பவர்கள்தானே.

அக்காவின் நோட்டில் இப்போது 'மாற்றுப்பெயர்' அடிக்கப்பட்டிருக்கிறது. 'ஜெ', 'த்யு' பக்கத்தில் தன்மை, முன்னிலை. மற்றவற்றின் பக்கத்தில் சுட்டுப்பெயர். மொத்தத்துக்கும் ஒரு தலைப்பு வேண்டுமே என்று மேலே பதிலிடுபெயர். போன வாரம் வந்தவர்களிடம் அறைச் சாவியை நீட்டி 'ஜெ வூ லெ தொன்' என்றாராம். சாவி பெண்பால், 'லா' வந்திருக்க வேண்டும். வந்தவர் சாவியை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.