வாடகை 25,000, விலை 1 கோடி: எந்தக் கணக்கு சரி?

வாசகர் ஒருவர் கேட்கிறார்: "சென்னையில் என் ஃபிளாட்டுக்கு மாத வாடகை 25,000 ரூபாய். மதிப்பீட்டுப் பாடப்புத்தகப்படி கணக்குப் போட்டால் 30 லட்சம்தான் வருகிறது. பக்கத்தில் 1 கோடிக்கு விற்கிறார்கள். எது சரி?"

ஆண்டு வாடகை 3 லட்சம். சொத்து வரி, பழுதுபார்ப்பு என்று 60,000 போனால் நிகரம் 2.4 லட்சம். ஆண்டுக்கு இவ்வளவு வருமானம் வர எவ்வளவு முதல் போடலாம் என்று பார்க்க, அதை வீட்டுக்கடன் வட்டியை ஒட்டிய 8 சதவீதத்தால் வகுத்தால் 30 லட்சம். அதாவது நிகர வாடகையைப் போல் 12.5 மடங்கு. 2015 பட்ஜெட்டில் கைவிடப்பட்ட செல்வ வரிக்குச் சொத்தை மதிப்பிடும்போதும், சொந்த மனையில் நிற்கும் கட்டடத்துக்கு இதே 12.5 மடங்குதான். ஆனால் 1974 மார்ச்சுக்குப் பிறகு வாங்கிய சொத்தாக இருந்து, வாங்கிய விலை அதைவிட அதிகம் என்றால் அந்த விலையையே எடுத்துக்கொள் என்றது சட்டம். எழுதியவர்களுக்கே சூத்திரத்தின் மேல் முழு நம்பிக்கை இல்லை போலும்!

எங்கே இடிக்கிறது? வெறும் 8-ஆல் வகுக்கும்போது, வாடகை என்றைக்கும் ஏறாது என்று சொல்லாமலே ஒப்புக்கொள்கிறோம். ஏறும் என்றால், அந்த ஏற்ற விகிதத்தை 8-இலிருந்து கழித்துவிட்டுத்தான் வகுக்க வேண்டும். பிளஸ் ஒன்னில் படித்த முடிவிலாப் பெருக்குத்தொடர்தான் இது.

எனக்குப் பிடித்தது இதைத் திருப்பிப் போடுவது. 1 கோடிக்கு 2.4 லட்சம் என்றால் 2.4 சதவீதம். 8-இல் அது போக மீதி 5.6. ஆக, 1 கோடி கொடுப்பவர் வாடகை ஆண்டுக்கு 5.6 சதவீதம் காலாகாலத்துக்கும் ஏறும் என்று பந்தயம் கட்டுகிறார். ஏற்றம் 4.6 ஆனால்? 2.4 லட்சத்தை 3.4 சதவீதத்தால் வகுங்கள்: சுமார் 70.6 லட்சம். ஒரு சதவீதப் புள்ளியில் 29 லட்சம் காலி! வாடகை ஏறாத கணக்கில் 8-ஐ 9 ஆக்கினால் போவது 3.3 லட்சம்தான். வகுக்கும் எண் சிறுக்கச் சிறுக்க விடை இப்படித்தான் ஆட்டம் போடும்.

எனவே ஃபிளாட்டுக்கு மதிப்புச் சொல்ல இந்த முறையை நம்ப முடியாது. கேட்கிற விலையைச் சோதிக்க நன்றாக உதவும். வங்கிக் கிளைக்கு விட்ட கட்டடம் என்றால் கதை வேறு. மூன்றாண்டுக்கு ஒருமுறை 15 சதவீதம் ஏற்றம் என்பது போல ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். வாங்குபவரும் வாடகைக்காகவே வாங்குகிறார்.

சரி, வகுக்கும் எண்ணுக்கு எங்கே போவது? அண்மையில் விற்ற ஒத்த கட்டடங்களின் வாடகையையும் விலையையும் பார் என்கிறது புத்தகம். நம் ஊரிலோ பல பத்திரங்களில் இருப்பது வழிகாட்டி மதிப்பு. மீதி கறுப்பில் கைமாறுகிறது. வாடகை ஒப்பந்தம் 11 மாதத்துக்கு எழுதி அலமாரியில் கிடக்கிறது. தெற்கு வாசல் என்று லட்சக்கணக்கில் பேரம் பேசுகிறவர்கள்கூட வாடகை ஏற்றத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை.

வாசகர் தம் தெருவில் பத்தாண்டுக்கு முந்தைய வாடகையை விசாரிக்கட்டும். ஆண்டுக்கு 5.6 சதவீதம் ஏறித்தான் 25,000-க்கு வந்தது என்றால், அன்று சுமார் 14,500 இருந்திருக்க வேண்டும். 18,000 என்று யாராவது சொன்னால், 1 கோடி ரொம்ப அதிகம்.