கியூஏ நேர்முகத் தேர்வில் நம் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள்?

இலங்கையின் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் பட்டம் முடித்துவிட்டு மென்பொருள் தரப் பரிசோதனை வேலைக்கு, அதாவது கியூஏ வேலைக்கு, வருகிற நம் பிள்ளைகளை நான் அடிக்கடி நேர்முகம் காண்கிறேன். செவெரிட்டிக்கும் (பிழையின் பாதிப்பு எவ்வளவு) பிரையாரிட்டிக்கும் (எவ்வளவு அவசரமாகத் திருத்த வேண்டும்) என்ன வித்தியாசம், ரிக்ரெஷன் டெஸ்டிங் (மாற்றம் செய்தபின் பழையவை கெடவில்லையா என்று மீண்டும் சோதிப்பது) எதற்கு என்று கேட்டால் மளமளவென்று சொல்வார்கள். "சரி, படிவத்தில் இந்தக் கட்டத்தை எப்படிச் சோதிப்பீர்கள்?" என்றதும் வாயடைத்துப் போவார்கள். விளக்கங்களைப் பாடமாக்கி வைத்தவர்கள் தோற்பது இந்த இடத்தில்தான்.

நான் வழக்கமாகக் கொடுப்பது தேசிய அடையாள அட்டை இலக்கம் நிரப்பும் கட்டம். "சரியான இலக்கம் கொடுப்பேன், பிழையான இலக்கம் கொடுப்பேன், வெறுமையாக விடுவேன்" என்று பலர் முடித்துவிடுவார்கள். நான் காத்திருப்பது அவர்கள் திருப்பிக் கேட்கும் கேள்விக்காக. பழைய அட்டையா, புதியதா, இரண்டுமா? பழையதில் 9 இலக்கமும் வி அல்லது எக்ஸ் எழுத்தும் இருக்கும். 2016இலிருந்து வரும் புதியதில் 12 இலக்கம், எழுத்து கிடையாது. பிறந்த ஆண்டு முதலில் வரும். அடுத்த மூன்று இலக்கம், ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தவர் என்பதைச் சொல்லும். பெண்களென்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். ஆகவே 366 செல்லும், 367 செல்லாது. 500 செல்லாது, 501 செல்லும். 866 செல்லும், 867 செல்லாது. பாடத்தில் பவுண்டரி வேல்யூ அனாலிசிஸ், அதாவது எல்லை மதிப்புகளைச் சோதிப்பது, என்று படித்தது இதைத்தான். அப்புறம், வி சின்ன எழுத்தில் விழுந்தால்? முன்னால் ஒரு ஸ்பேஸ் வந்தால்? ஆண் என்று தெரிவு செய்துவிட்டு பெண்ணின் இலக்கத்தைக் கொடுத்தால்? இந்த 500 கணக்கு தெரியாமலிருப்பது குறையே இல்லை. "இலக்கம் எப்படி அமைகிறது?" என்று கேட்டாலே எனக்குப் பாதி திருப்தி.

களுவாஞ்சிக்குடிப் பக்கத்துத் தங்கச்சி ஒருத்திக்கு ஆங்கிலம் தட்டுத் தடுமாறித்தான் வந்தது. "எழுதிக் காட்டலாமா சேர்?" என்று கேட்டு, திரையைப் பகிர்ந்து, எக்செல்லில் உள்ளீடு, எதிர்பார்ப்பது என்று வரிவரியாகப் போட்டாள். கடைசி வரியில், ஒரே ஆள் பழைய இலக்கத்தில் ஒரு தடவையும் புதிய இலக்கத்தில் ஒரு தடவையும் பதிந்தால் சிஸ்டம் பிடிக்குமா என்று எழுதியிருந்தாள். அந்த ஒரு வரிக்காகவே அவளை எடுக்கச் சொன்னேன். ஆங்கிலம் வேலையில் இருந்தால் வந்துவிடும். இந்தச் சந்தேகப் புத்தியைச் சொல்லிக் கொடுப்பது கஷ்டம்.

மென்பொருள் சோதனையாளர்களுக்கான சர்வதேசச் சான்றிதழான ஐஎஸ்டிக்யூபியின் அடிப்படைச் சான்றிதழ் எடுக்கலாம், சிவியில் உதவும். 40 கேள்விகள், 60 நிமிடம், 26 சரியானால் சித்தி. ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்களுக்கு இன்னும் 15 நிமிடம் உண்டு, பதியும்போதே கேட்டு வாங்குங்கள். ஆனால் அனுபவம் இல்லாதவர்களின் சிவியில் நான் முதலில் தேடுவது பக் ரிப்போர்ட்டைத்தான். நீங்கள் தினமும் பாவிக்கும் ஒரு செயலியில் பிழை ஒன்றைக் கண்டுபிடித்து, செய்த படிகள், எதிர்பார்த்தது, நடந்தது, ஸ்கிரீன்ஷொட் என்று ஒழுங்காக எழுதி இணைத்துவிடுங்கள்.

நேர்முகம் காண்பவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். இரவு பஸ்ஸில் கொழும்புக்கு வரவழைத்து, பத்து நிமிடம் பேசி, பிறகு பதிலே போடாமல் விடுவது அநியாயம். முதல் சுற்றை இணையவழியில் வையுங்கள், இல்லை என்றாலும் இல்லை என்று ஒரு வரி அனுப்புங்கள். பிள்ளைகளும் முதல் சுற்றை இணையவழியில் வைக்க முடியுமா என்று கூச்சப்படாமல் கேட்கலாம். ஒரு மணித்தியால வேலை கொடுத்துப் பார்ப்பது நியாயம். முழுச் செயலியையும் நாட்கணக்கில் இலவசமாகச் சோதித்துத் தரச் சொன்னால் மறுத்துவிடுங்கள். வேலை தருவதற்கு முன் பயிற்சிக் கட்டணம், பதிவுக் கட்டணம் என்று காசு கேட்டால் ஒரு சதமும் அனுப்பாதீர்கள்.