சொல் விளக்கம்: ஆக்செசிபிள் டூரிசம் என்கிற அணுகத்தக்க சுற்றுலா

புதுச்சேரியில் சக்கர நாற்காலியில் வரும் அத்தைக்கு அறை பார்க்க ஒரு விடுதிக்குப் போன் போட்டேன். "நம்மது ஆக்செசிபிள்தான் சார், ரேம்ப் இருக்கு" என்றார்கள். போய்ப் பார்த்தால் மூன்று படிக்கட்டின் மேல் ஐந்தடிப் பலகை ஒன்றைச் சாய்த்து வைத்திருந்தார்கள். ஓரடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது சாய்தளக் கணக்கு. அந்த ஒன்றரை அடிப் படிக்கு 18 அடி வேண்டும். ரெண்டு பேர் மூச்சுப்பிடித்துத் தள்ளி ஏற்றினோம். குளியலறை வாசலில் சக்கர நாற்காலியின் கைவளையம் நிலையில் இடித்து நின்றுவிட்டது. "தங்கத்தான் உள்ளே விட்டாங்க, குளிக்க இல்ல போல" என்றார் அத்தை.

ஆக்செசிபிள் என்பதற்கு லத்தீனில் வேர். 'நெருங்கிப் போதல்' என்று பொருள். புதுச்சேரிக்காரர்களுக்குப் பழகிய பிரெஞ்சிலும் எழுத்து மாறாமல் அதே சொல்தான். தமிழில் இதற்கு நேர் நிற்பது 'அணுகு'. அண்மை, அண்டை வீடு, அணுக்கம் எல்லாம் இதன் உறவுக்காரர்கள். அரசரிடம் பழகுகிறவர் 'அகலாது அணுகாது' இருக்கவேண்டும் என்கிறது 691ஆம் குறள். சோழர் காலக் கோயில்களில் 'அணுக்கன் திருவாயில்' என்று ஒரு வாசல் உண்டு, நெருக்கமானவர்களுக்கான வாசல். ஆக, அணுக்கம் என்பது சிலருக்கு மட்டுமே வாய்த்த சலுகையாகவும் இருந்திருக்கிறது.

டூரிசம் பக்கம் வந்தால் நமக்கு அதிர்ஷ்டம். 'டூர்' என்றாலே சுற்றுதல்தான். சுற்று, உலா இரண்டையும் சேர்த்த 'சுற்றுலா' அதைவிட அழகு. உலா என்றதும் எனக்குச் சாமி புறப்பாடுதான் நினைவுக்கு வரும். கடலூர் மாவட்டத்துச் சிதம்பரத்தில் ஆனியிலும் மார்கழியிலும் மூலவரான நடராசரே தேரேறி வீதிக்கு வருகிறார். படியேறிச் சன்னதிக்குப் போக முடியாதவருக்கும் அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்தபடி தரிசனம். யார் யாரிடம் போவது என்ற கேள்வியை உலா திருப்பிப் போட்டுவிடுகிறது.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா.வின் 2006ஆம் ஆண்டு உடன்படிக்கை இதைச் சட்டமொழியில் சொன்னது. 9ஆம் பிரிவு அணுகல் பற்றியது; 30ஆம் பிரிவில் சுற்றுலா இடங்களும் வருகின்றன. இந்தியா 2007இல் ஏற்றது, 2016இல் அதையொட்டிப் புதிய சட்டம் போட்டது.

சரி, தமிழில் எதைச் சொல்வது? 'மாற்றுத்திறனாளிகள் சுற்றுலா' வேண்டாம். அது அவர்களைத் தனி பஸ்ஸில் ஏற்றிவிடுகிறது. முட்டி வலிக்காரப் பாட்டிக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் அதே சாய்தளம்தானே வேண்டும்? 'தடையற்ற சுற்றுலா' காதுக்கு இனிது. ஆனால் படியை இடித்தால் போதும் என்ற நினைப்பைத் தரும். பார்வையற்றவருக்குப் பிரெயில் பலகையும், காது கேளாதவருக்குச் சைகை மொழி தெரிந்த வழிகாட்டியும் புதிதாகச் சேர்க்க வேண்டியவை. 'அணுகக்கூடிய' என்பதிலும் ஒரு வம்பு இருக்கிறது. பிச்சாவரத்தில் நாலு பேர் தூக்கிப் படகில் வைத்தாலும் அணுகக்கூடியதுதான்!

என் ஓட்டு 'அணுகத்தக்க'வுக்கு. 'தக்க' என்பதில் தகுதி இருக்கிறது. எப்போதும் நாற்காலியில் வருகிறவரிடமே தகுதியைக் கேட்டுப் பழகிவிட்டோம். இங்கே அது இடத்தின் தகுதி. அதற்குக் கட்டடம்தான் கட்டவேண்டும் என்றும் இல்லை. மாலையானால் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். அன்றைக்கு அத்தை காந்தி சிலை வரை யார் கையும் படாமல் தானே உருட்டிக்கொண்டு போனார்.

இப்போதெல்லாம் விடுதியில் ரேம்ப் பற்றி நான் கேட்பதே இல்லை. குளியலறைக் கதவு எத்தனை அங்குலம் என்றுதான் கேட்கிறேன். போன வாரம் ஒருவர், "லைன்ல இருங்க சார், டேப் எடுத்துட்டு வந்துடறேன்" என்றார்.