மதிலுக்கு அந்தப்பக்கம் ஒரு விஎம்

போன ஐப்பசி மழையில நாகர்கோவில்ல எங்க தெருவுல கரண்ட் போச்சு, ரூட்டர் அணைஞ்சிட்டு, லேப்டாப் மட்டும் பேட்டரில ஓடிட்டு கெடக்கு, உள்ள விர்ச்சுவல்பாக்ஸ்ங்கற சாஃப்ட்வேர்ல ஒரு லினக்ஸ் விஎம் (விர்ச்சுவல் மெஷின், கம்ப்யூட்டருக்குள்ள ஓடுற இன்னொரு கம்ப்யூட்டர்), அதுல எஸ்எஸ்ஹெச் போட்டு, அதாவது நெட்வொர்க் வழியா உள்ள நுழைஞ்சு, வேலை பாத்துட்டிருந்தது அப்படியே நின்னுட்டு. ரெண்டு சிஸ்டமும் ஒரே ரேம்லதான கெடக்கு, பேசுறதுக்கு ரூட்டர் எதுக்கு?

தப்பு என்னோடதுதான், பிரிட்ஜ்டு மோடுல வச்சிருந்தேன். அதுல விஎம் நம்ம வைஃபை கார்டு மேல ஏறி உக்காந்துக்கிட்டு, வீட்டுல தனியா இன்னொரு கம்ப்யூட்டர் இருக்க மாதிரி ரூட்டர்கிட்டயே ஐபி வாங்கும். வைஃபை விழுந்தா நம்ம வழியும் சேந்து விழும். சும்மா விட்டா வர்ற நாட் மோடுல விஎம்முக்கு ஐபி 10.0.2.15, ஹோஸ்ட் (அதாவது நம்ம லேப்டாப்) அதுக்கு 10.0.2.2, உள்ளருந்து வெளிய போலாம், வெளியருந்து உள்ள வரணும்னா போர்ட் ஃபார்வர்டிங் போடணும் (ஹோஸ்ட்ல 2222-ஐ தட்டுனா விஎம்மோட 22 தொறக்கும்). எனக்கு அன்னைக்கு வேண்டியது ஹோஸ்ட் ஒன்லி மோடு, லேப்டாப்பும் விஎம்மும் தங்களுக்குள்ள மட்டும் பேசிக்கிடுறது. ஹோஸ்டுக்கு 192.168.56.1, ரூட்டர் செத்தாலும் ஓடும்.

ஆனா இது எல்லாமே நெட்வொர்க் மாதிரி போடுற வேஷம் பாத்துக்கிடுங்க. இல்லாத கார்டுக்கு மேக் அட்ரஸ்னு ஒரு அடையாள நம்பர், இல்லாத கேபிள்ல ஃப்ரேம்னு டேட்டா பொட்டலம். அடியில உண்மையில நடக்கறதுதான் அழகு. எங்க ஊர்ல பக்கத்து வீட்டுக்கு மரச்சீனிக் கெழங்கும் மீன்கறியும் குடுக்க யாரும் ரோட்டச் சுத்திப் போறதில்ல, மதில் மேல வச்சுட்டு "எக்கா"ன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். லினக்ஸ் கெர்னல் எழுதுன ரஸ்டி ரஸ்ஸல் 2008-ல பேப்பரா எழுதுன விர்ட்ஐஓ, அதாவது விஎம்மும் ஹோஸ்டும் டேட்டா கைமாத்துற ஏற்பாடு, இப்படித்தான் வேலை செய்யுது. விஎம் தன் மெமரில டேட்டா எங்க இருக்குங்கற விலாசத்த மட்டும் ஒரு வளையத்துல எழுதி வைக்கும், ஹோஸ்ட் அதே மெமரிய நேரா பாத்து எடுத்து, வேலை முடிஞ்சதும் இன்னொரு வளையத்துல "இந்தா ஒன் பாத்திரம்"னு திருப்பி வைக்கும். இதுல செலவு வர்றது அந்தக் கூப்பாட்டுக்குத்தான், ஏன்னா விஎம் கூப்பிட்டா சிபியு அது ஓட்டிட்டிருந்த கோட விட்டுட்டு விஎம்ம ஓட்டுற ஹைப்பர்வைசர்ங்கற சாஃப்ட்வேருக்குத் தாவணும், அதுக்குப் பேரு விஎம் எக்ஸிட். அதனால நாலஞ்சு பாத்திரத்த ஒண்ணா அடுக்கிட்டு ஒரே தடவ கூப்பிடுறது, அக்கா ஏற்கனவே மதில்கிட்டயே நிக்கான்னா கூப்பிடாமலே விட்டுடறது, இந்த ரெண்டுக்கும் அதுலயே ஏற்பாடு இருக்கு.

இந்த விர்ட்ஐஓ வழியாவும் ஓடக்கூடியதுதான் வீசாக், விஎம்மும் ஹோஸ்டும் நேரா பேசுற வழி. ஐபி கெடையாது, ஐபி பங்கு வைக்கற டிஹெச்சிபி கெடையாது, ஒவ்வொருத்தருக்கும் சிஐடின்னு ஒரு நம்பர், ஹோஸ்டுக்கு எப்பவும் 2, விஎம்முக்கு 3-லருந்து. விஎம்வேர் கம்பெனி எழுதி 2013-ல லினக்ஸ் 3.9-ல வந்தது, லினக்ஸுக்குள்ளயே இருக்க ஹைப்பர்வைசரான கேவிஎம்முக்கு வேண்டிய விர்ட்ஐஓ வழி 2016-ல 4.8-ல வந்தது. ப்ரோக்ராம் நெட்வொர்க்ல பேச வச்சிருக்க சாதாரண சாக்கெட் மாதிரியே கோட் எழுதலாம், ஃபயர்வால்ல ஏதோ ரூல் மாத்தி எல்லாம் அறுந்து போற கதையும் இல்ல. விஎம்முக்கும் விஎம்முக்கும் நடுவுல பேச சாதாரணமா இது ஆவாது, அதுக்குப் பழையபடி நெட்வொர்க்தான்.

நான் கேவிஎம்முக்கு மாறி இத போட்ட மொத நாளே ரெண்டு விஎம்முக்கும் 3-னே குடுத்துட்டேன். ரெண்டாவது ஸ்டார்ட்டே ஆகல, எர்ரர ஒழுங்கா வாசிக்காம மதியச் சோறு ஆறிப் போற வரைக்கும் தலையப் பிச்சுட்டு இருந்தேன்.