ட்ரெமோலோ: வீச்சு நடுக்கம்

ட்ரெமோலோ இத்தாலியச் சொல். 'நடுங்குகிற' என்று பொருள். வேர் லத்தீனில் நடுங்குதலைக் குறிக்கும் ட்ரெமெரே. மின் கித்தார் உலகில், சுருதி மாறாமல் ஒலியளவு மட்டும் சீராக ஏறி இறங்குவதே ட்ரெமோலோ. சுருதி ஏறி இறங்கினால் அது வைப்ராட்டோ. (வயலினில் வில்லை விறுவிறுவென இருபுறமும் இழுத்து ஒரே ஸ்வரத்தை ஒலிப்பதற்கும் ட்ரெமோலோ என்றுதான் பெயர். அது வேறு சங்கதி.)

இரண்டையும் குழப்பிவிட்டதில் கித்தாரும் ஆம்ப்ளிஃபையரும் (ஆம்ப்) செய்யும் அமெரிக்க நிறுவனமான ஃபெண்டருக்குப் பெரும்பங்கு உண்டு. 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் கித்தாரில் சுருதியை ஆட்டும் கைப்பிடிக்கு 'ட்ரெமோலோ' என்று பெயரிட்டார்கள். 1960களின் ஆம்ப்களிலோ ஒலியளவை ஆட்டும் சர்க்யூட்டுக்கு 'வைப்ராட்டோ' என்று அச்சிட்டார்கள். இரண்டும் தலைகீழ்.

ட்ரெமோலோவுக்குத் தமிழில் 'அதிர்வு' பொருந்தாது. ஒலி என்பதே அதிர்வுதான். கமக வகையான கம்பிதம் சுருதி அசைவு என்பதால் வைப்ராட்டோவின் பக்கம் போய்விடும். ஒலியலையின் ஏற்ற இறக்க அளவுக்குப் பாடநூல்களில் வீச்சு (இலங்கையில் வீச்சம்) நிலைத்துவிட்டது. எனவே ட்ரெமோலோ வீச்சு நடுக்கம், வைப்ராட்டோ சுருதி நடுக்கம். பட்டறையில் ட்ரெமோலோ என்றே சொல்லிக்கொள்ளலாம், குற்றமில்லை.

இனி பழுதுபார்ப்பு: ஃபெண்டரின் டீலக்ஸ் ரிவர்ப் ஆம்ப், ஏபி763 என்ற எண்ணுள்ள சர்க்யூட். ஒரு 12ஏஎக்ஸ்7 வால்வின் (இரு பகுதிகள் கொண்ட வெற்றிடக் குழாய்) ஒரு பாதி மெதுவான அலையை உண்டாக்கும். மறுபாதி ஒரு நியான் பல்பை மினுக்கும். பல்பும் எல்.டி.ஆரும் (வெளிச்சம் பட்டால் மின்தடை குறையும் உறுப்பு) ஒரே கறுப்பு உறைக்குள் இருக்கும். பல்பு எரியும்போது எல்.டி.ஆரின் மின்தடை சரிந்து சிக்னல் கிரவுண்டுக்கு வடிகிறது, ஒலி தணிகிறது.

ட்ரெமோலோ அடியோடு இல்லையென்றால் முதலில் ஃபுட்சுவிட்சைப் பாருங்கள். இந்த மாடலில் அதைச் செருகும் ஜாக் கிரவுண்டோடு சேர்ந்தால்தான் அலை தொடங்கும். ஃபுட்சுவிட்ச் இல்லாவிட்டால் உள்ளே ஷார்ட் செய்த ஆர்சிஏ பிளக் ஒன்றைச் செருகினால் போதும். அடுத்து, பின்பக்கமிருந்து பார்க்க வலமிருந்து ஐந்தாவது வால்வை மாற்றிப் பாருங்கள். பாதிக் கேஸ்கள் இங்கேயே முடிந்துவிடும்.

முடியாவிட்டால் சேஸியை (உறுப்புகள் இருக்கும் உலோகப் பெட்டி) திறக்க வேண்டும். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெபாசிட்டர்களில் தங்கும். அவற்றை ரெசிஸ்டர் வழியாக வடித்து, மீட்டரில் சுழியம் பார்த்த பிறகே கை வையுங்கள்.

அலையை உண்டாக்கும் பாதியில் 0.02, 0.01, 0.01 மைக்ரோஃபாரட் என மூன்று கெபாசிட்டர்கள் அலையின் கட்டத்தைப் படிப்படியாகத் திருப்பி கிரிட்டுக்கு (வால்வுக்குள் சிக்னல் நுழையும் முனை) அனுப்புகின்றன. சமமான மூன்று படிகள் என்று வைத்துக்கொண்டால், அந்த வழியில் சிக்னல் 29இல் ஒரு பங்காகச் சுருங்கும். வால்வு அதை ஈடுகட்டினால்தான் அலை நிற்காது. அதனால்தான் வால்வு தளர்ந்தாலும், அதன் கேத்தோடில் (எலக்ட்ரான்களை உமிழும் முனை) உள்ள 25 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் காய்ந்தாலும் ட்ரெமோலோ செத்துப்போகிறது. வேகம் கூட்டினால் ஓடி, குறைத்தால் நின்றுவிடுகிறதா? அந்த எலக்ட்ரோலிட்டிக்கின் மேல்தான் முதல் சந்தேகம். மூன்று சிறிய கெபாசிட்டர்களில் ஒன்று கசிந்தாலும் கிரிட் மின்னழுத்தம் கெடும். மூன்றையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள், விலை அற்பம். 0.01 ஒன்றை 0.022 ஆக்கினால் குறைந்தபட்ச வேகம் இன்னும் இறங்கும்.

அலை இருக்கிறதா என்று அறிய, பல்பை ஓட்டும் பாதியின் பிளேட்டில் (சிக்னல் வெளியேறும் முனை) டிசி வோல்ட் அளக்கலாம். முள் மீட்டர் நல்லது. வேகத்துக்கு ஏற்ப முள் ஆடும். முள் ஆடியும் ஒலி ஆடாவிட்டால் கோளாறு உறைக்குள், அல்லது நடுக்கத்தின் ஆழத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்டென்சிட்டி பொட்டென்ஷியோமீட்டரில் (பாட்). மின்சாரத்தை நிறுத்தி எல்.டி.ஆரின் ஒரு காலைக் கழற்றி அளந்தால், இருட்டில் மெகாஓம் காட்ட வேண்டும். அதைவிட மிகக் குறைந்தால் உறையில் வெளிச்சம் புகுகிறது, அல்லது எல்.டி.ஆர். போய்விட்டது.

டிக் டிக் சத்தம் மட்டும் வந்தால் உறுப்புகளைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் வயர் போகிற பாதைதான் காரணம். ஸ்பீடு, இன்டென்சிட்டி பாட்களின் வயர்களைச் சேஸியோடு ஒட்டி அழுத்தி, முன்நிலை வால்வுகளின் கிரிட் வயர்களிலிருந்து விலக்கி வையுங்கள். ஆம்ப் ஓடும்போது காய்ந்த மரக்குச்சியால் வயர்களை ஒவ்வொன்றாக நகர்த்தினால், எதைத் தொட்டபோது சத்தம் தணிகிறது என்று காதே சொல்லிவிடும்.